எழுதாமல் விட்ட நான்காம் பட்டியல்



ஒரு தேசம் தன்னைத் தானே ஆள்வதற்கு உரிய அமைப்பைப் புதிதாக வகுத்துக்கொள்ளும் தருணம் சரித்திரத்தில் அடிக்கடி வாய்ப்பதில்லை. வாய்த்தபோதும், அந்த வேலையைச் செய்தவர்கள் என்ன நினைத்தார்கள், எதற்கு அஞ்சினார்கள், எதைப் பெறுவதற்காக எதை விட்டுக்கொடுத்தார்கள் என்பது பின்வந்தவர்களுக்கு முழுமையாகத் தெரியும்படி அமைவது அதனினும் அரிது. 1787ஆம் ஆண்டு பிலடெல்பியாவில் கூடிய அமெரிக்கப் பிரதிநிதிகள் கதவை அடைத்துக்கொண்டு பேசினார்கள். அங்கே நடந்ததை, அங்கத்தினர் சிலர் தமக்கென்று எழுதி வைத்த குறிப்புகளைக் கொண்டே உலகம் பிற்காலத்தில் அறிய நேர்ந்தது. நம்முடைய அரசியல் நிர்ணய சபையோ, 1946 டிசம்பர் 9ஆம் தேதி தொடங்கி 1949 நவம்பர் 26ஆம் தேதி அரசியல் சாசனத்தை ஏற்கும் வரையில், பதினொரு கூட்டத் தொடர்களில் 165 நாட்கள் ஊரறியப் பேசியது. பேசியவை எல்லாம் பன்னிரண்டு தொகுதிகளாக அச்சேறியிருக்கின்றன. அத்தொகுதிகளில் என் மனத்தை நெடுநாளாகப் பற்றிக்கொண்டிருப்பது அதிகாரப் பங்கீடு பற்றிய விவாதம். மத்திய சர்க்காருக்கு எவ்வளவு, மாகாணத்துக்கு எவ்வளவு என்பதை அத்தனை நுட்பமாக அளந்து வைத்த அந்தச் சபை, மாகாணத்துக்கும் கீழே இருக்கும் ஊருக்கு என்ன பங்கு என்ற கேள்வியை ஒரே நாளில், ஒரே பிரிவில் முடித்து வைத்துவிட்டது. அதன் விளைவைப் பொருநை என்னும் தாமிரபரணியின் கரையில் வாழும் நாம் இன்றளவும் அனுபவித்து வருகிறோம் என்பதே நான் இன்று தங்கள்முன் வைக்க விரும்பும் அபிப்பிராயம்.

சபை கூடிய காலத்தில் அதன் கைகள் கட்டப்பட்டிருந்தன. 1946 மே 16ஆம் தேதி வெளியான மந்திரி சபைத் தூதுக்குழுவின் திட்டம், வெளிவிவகாரம், தேசப் பாதுகாப்பு, போக்குவரத்துத் தொடர்பு ஆகிய மூன்றையும் அவற்றுக்கு வேண்டிய நிதியையும் மட்டுமே மத்திய சர்க்காருக்கு ஒதுக்கி, எஞ்சிய அதிகாரங்கள் அனைத்தையும் மாகாணங்களிடம் விட்டிருந்தது. அதை அனுசரித்தே, டிசம்பர் 13ஆம் தேதி நேரு முன்மொழிந்த குறிக்கோள் தீர்மானமும், எஞ்சிய அதிகாரங்கள் உறுப்பு நாடுகளுக்கு உரியவை என்று கூறிற்று. 1947 ஜனவரி 22ஆம் தேதி சபை அத்தீர்மானத்தை எழுந்து நின்று ஏற்றது. இன்றைக்கு மாநில சுயாட்சி கேட்பவரைப் பிரிவினைவாதி என்று ஏசுகிறவர்கள், இந்தத் தேசத்தின் முதல் பிரதிக்ஞை எப்படி எழுதப்பட்டிருந்தது என்பதை ஒருமுறை படித்துப் பார்க்க வேண்டும்.

ஆறு மாதத்தில் எல்லாம் மாறிற்று. ஜூன் 3ஆம் தேதி பிரிவினைத் திட்டம் வெளியாயிற்று. முஸ்லிம் லீகைச் சேர்த்துக்கொள்வதற்காகவே ஒப்புக்கொண்ட பலவீனமான மத்திய அரசு இனி எதற்கு என்ற கேள்வி எழுந்தது. ஜூலை 5ஆம் தேதி வந்த மத்திய அதிகாரக் குழுவின் இரண்டாம் அறிக்கை, பலமற்ற மத்திய அதிகாரம் தேசத்துக்கு ஊறு விளைவிக்கும் என்று கூறி, எஞ்சிய அதிகாரங்களை மத்திய சர்க்காரிடமே சேர்த்தது. இதை அதிகார மோகம் என்று சொல்லிவிடுவது எளிது. ஆனால் அது நியாயமாகாது. பஞ்சாபும் வங்காளமும் பற்றி எரிந்ததை நாம் அறிவோம். அவ்வளவு தூரம் போக வேண்டியதும் இல்லை. நம் மேற்கு எல்லையையே பார்க்கலாம். ஜூன் 11ஆம் தேதி திருவிதாங்கூர் திவான் சர் சி. பி. ராமசாமி அய்யர், பிரிட்டிஷார் போனபின் திருவிதாங்கூர் தனி நாடாக நிற்கும் என்று அறிவித்தார். அப்போது செங்கோட்டை திருவிதாங்கூரைச் சேர்ந்தது. தென்காசி சென்னை மாகாணத்தைச் சேர்ந்தது. இரண்டுக்கும் இடையே ஐந்து மைல். திவானின் எண்ணம் நிறைவேறியிருக்குமானால், செங்கோட்டையில் பெண் கொடுத்த தென்காசிக்காரர் மகளைப் பார்க்க அந்நிய நாட்டுக்குப் போக வேண்டியிருந்திருக்கும். ஜூலை 25ஆம் தேதி திருவனந்தபுரத்தில் திவான்மீது கொலை முயற்சி நடந்து, சில நாட்களில் சமஸ்தானம் இந்தியாவோடு இணைய இசைந்ததால் அந்த அபாயம் நீங்கிற்று. இப்படி ஐந்நூறுக்கு மேற்பட்ட சமஸ்தானங்கள் இருந்த நிலையில், பலமான மத்திய அரசு வேண்டும் என்று சபை கருதியதைக் குற்றமாகச் சொல்ல என் மனம் ஒப்பவில்லை. அச்சம் உண்மையானது. அந்த அச்சம் தணிந்த பின்னும் அதன் அளவுக்கே அதிகாரம் குவிந்துகொண்டு போனதுதான் என் வருத்தம்.

இதை அன்றே முன்னறிந்து சொன்னவர் சென்னைப் பிரதிநிதிகளுள் ஒருவரான கே. சந்தானம். 1947 ஆகஸ்டு 20ஆம் தேதி, சுதந்திரம் வந்து ஐந்தே நாட்களான அந்த உற்சாகத்தில், என். கோபாலசாமி அய்யங்கார் மத்திய அதிகாரக் குழுவின் அறிக்கையைச் சபைமுன் வைத்தார். அப்போது சந்தானம் எழுந்து, எல்லாவித அதிகாரங்களையும் மத்திய சர்க்காரின் தலையில் ஏற்றிவிட்டால் அது பலம் பெற்றுவிடும் என்ற எண்ணம் ஒரு பித்தைப்போல் நம்மைப் பிடித்திருக்கிறது என்று எச்சரித்தார். பலம் என்பது தலையிட வேண்டாதவற்றில் தலையிடாமல் இருப்பதிலும் உண்டு என்பது அவர் வாதம். அதைவிட முக்கியமாக, வளரக்கூடிய வரிகள் யாவும் மத்திய சர்க்காரிடம் போகின்றனவே, என் ஜனங்களுக்குப் படிப்புக் கொடுக்க முடியவில்லை, சுகாதாரம் கொடுக்க முடியவில்லை, சாலை போட முடியவில்லை என்று மாகாணங்கள் மத்திய சர்க்காரிடம் கையேந்தி நிற்கும் சமஷ்டியைக் காட்டிலும் சமஷ்டியே இல்லாத ஒற்றையாட்சி மேல் என்றும் மனம் நொந்து பேசினார். பிற்காலத்தில் அவரே இரண்டாவது நிதிக் கமிஷனின் தலைவராக இருந்து, மாநிலங்களுக்கு வரிப்பங்கு எவ்வளவு என்று அளந்து கொடுக்கும் பொறுப்பை ஏற்றார்.

அந்தக் கவலை சென்னை மாகாணத்தாருக்கு ஏன் முன்கூட்டியே வந்தது என்பதற்குக் காரணம் உண்டு. மதுவிலக்கை மாகாணம் முழுவதும் கொண்டுவந்து கள், சாராய வருமானத்தைத் துறந்த மாகாணம் இது; அதற்கு ஈடாகத் தேடிக்கொண்டது விற்பனை வரி. ராஜாஜியின் ஆட்சியில் 1939இல் இயற்றப்பட்ட பொது விற்பனை வரிச் சட்டம் பிற மாகாணங்களுக்கெல்லாம் வழிகாட்டியாயிற்று. அந்த வரிதான், மாநிலம் தன் சட்டசபையில் தானே உயர்த்தவும் தாழ்த்தவும் கூடியதாய் எஞ்சியிருந்த பெரிய வருவாய். 2017 ஜூலை முதல் தேதியில் சரக்கு மற்றும் சேவை வரி வந்ததோடு, ஒரு சில பொருள்கள் நீங்கலாக, அந்த உரிமையும் ஒரு கூட்டு மன்றத்தின் கைக்குப் போய்விட்டது.

1935ஆம் வருஷத்துச் சட்டத்தில் மத்தியப் பட்டியலுக்கு 59, மாகாணப் பட்டியலுக்கு 54, பொதுப் பட்டியலுக்கு 36 என்றிருந்த விஷயங்கள், நமது சாசனத்தின் ஏழாவது அட்டவணையில் முறையே 97, 66, 47 ஆக விரிந்தன. எண்களைக் கேட்டு அதிகாரத்தின் உருவத்தை அறிய முடியாது. ஆகவே, தாங்கள் அறிந்த ஓர் இடத்துக்குத் தங்களை அழைத்துச் செல்கிறேன்.

ஆடி அமாவாசைக்குப் பாபநாசத்திலிருந்து மலையேறிச் சொரிமுத்து அய்யனார் கோயிலுக்குப் போகும் குடும்பத்தை எண்ணிப் பாருங்கள். அரிசியும் பாத்திரமும் கட்டிக்கொண்டு, ஆற்றோரம் குடில் போட்டுச் சில நாள் தங்கிப் பொங்கலிட்டு வருவது அவர்களுக்குத் தலைமுறை வழக்கம். இந்தியாவுக்குள் செய்யும் யாத்திரை, ஏழாவது அட்டவணைப்படி மாநிலப் பட்டியலைச் சேர்ந்த விஷயம். அந்தக் கோயில், அறநிலையம் என்ற வகையில் பொதுப் பட்டியலைச் சேர்ந்தது. அவர்கள் நடக்கும் காடும், அதில் திரியும் விலங்கும் 1976 வரையில் மாநிலப் பட்டியலில் இருந்தவை. அவ்வாண்டின் 42ஆவது திருத்தம் அவற்றைப் பொதுப் பட்டியலுக்கு மாற்றியது. களக்காடு முண்டந்துறை 1988 முதல் புலிகள் காப்பகமாகவும் இருப்பதால், எத்தனை நாள் தங்கலாம், எத்தனை வண்டி போகலாம் என்பவற்றை வரையறுக்கும் விதிகளின் வேர் டெல்லி வரை ஓடுகிறது. அவர்கள் நீராடும் தண்ணீர் மாநிலப் பட்டியல். அதே தண்ணீர் அணையில் தேங்கி 1944 முதல் மின்சாரமாகிறபோது, அம்மின்சாரம் பொதுப் பட்டியல். புலியைக் காக்க வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. பொதிகைக் காடு அழிந்தால் பொருநை இல்லை, பொருநை இல்லையேல் நெல்லையும் இல்லை. ஆனால் வனச்சோதனைச் சாவடியில் நிற்கும் அந்தக் குடும்பத்துக்கு, தம் வழக்கத்தை எடுத்துச் சொல்ல யாரிடம் போவது என்பது தெரியாமல் இருக்கிறதே, அதுதான் அதிகாரப் பங்கீட்டின் கண்கூடான உருவம்.

மலையிலிருந்து இறங்கி வாருங்கள். நெல்லையில் ஆற்றைக் கடக்கும் இருப்புப்பாதையும் தேசிய நெடுஞ்சாலையும் மத்தியப் பட்டியல். ஆதிச்சநல்லூர்ப் பறம்பில் புதைந்த தாழிகள் தேசிய முக்கியத்துவம் உடையவை என்பதால் அதை அகழ்வது மத்தியத் தொல்லியல் துறை. சில மைல் தள்ளிச் சிவகளையில் அதே நாகரிகத்தைத் தோண்டி எடுத்தது மாநிலத் தொல்லியல் துறை. புன்னைக்காயலில் ஆறு கடலில் கலக்கும் இடத்தில், உப்பளத்து உப்பு மத்தியப் பட்டியலுக்கும், கரையோரக் கடலின் மீன் மாநிலப் பட்டியலுக்கும், எல்லை தாண்டிய கடலின் மீன் மறுபடி மத்தியப் பட்டியலுக்கும் போகின்றன. வடக்கே தூத்துக்குடித் துறைமுகமும், தெற்கே மகேந்திரகிரியும் கூடங்குளமும் முழுக்க முழுக்க மத்திய சர்க்காருடையவை. ஓடும் ஆற்றுக்கு மட்டும் ஒரு விசேஷம் உண்டு. காவிரியைப்போல் மாநில எல்லையைக் கடக்காமல், பிறந்த மாநிலத்திலேயே, அதுவும் 1986இல் தூத்துக்குடி மாவட்டம் பிரியும்வரை ஒரே மாவட்டத்திலேயே பிறந்து கடல் சேர்வது இது. ஆகையால் மாநிலங்களுக்கிடையிலான நதிகளைப் பற்றிய மத்தியப் பட்டியலின் 56ஆவது இனம் இதைத் தொடுவதில்லை. தண்ணீரைப் பொறுத்தவரை, இப்பள்ளத்தாக்கின் எஜமானர் சென்னையே. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் பேச வேண்டியிருக்கிறது.

அதிகாரம் என்றால் பட்டியல் மட்டும் அன்று; எந்த மொழியில் ஆள்வது என்பதும் அதிகாரமே. 1948 நவம்பர் 5ஆம் தேதி டி. டி. கிருஷ்ணமாச்சாரி, முழு இந்தியா வேண்டுமா, இந்தி இந்தியா வேண்டுமா என்பதை வடக்கத்திய நண்பர்களே தீர்மானித்துக்கொள்ளட்டும் என்ற பொருளில் பேசியது பலருக்குத் தெரியும். நம் ஊர்க்காரர் பேசியது அவ்வளவு தெரியாது. நெல்லையை அடுத்த பேட்டையில் 1896இல் பிறந்த முகம்மது இஸ்மாயில் சாகிபு, நாம் காயிதே மில்லத் என்று போற்றும் பெரியவர், அச்சபையில் அங்கத்தினர். 1949 செப்டம்பரில் ஆட்சிமொழி விவாதம் உச்சத்தில் இருந்தபோது, இருவகை எழுத்திலும் எழுதப்படும் இந்துஸ்தானிக்காக வாதாடிய அவர், பழமையே அளவுகோல் என்றால் இந்த மண்ணில் பேசப்படும் மொழிகளுள் தமிழும் அதன் இனமொழிகளுமே மூத்தவை என்பதை எடுத்துக் காட்டினார். சொந்தக் கட்சியான முஸ்லிம் லீக் இரண்டாகப் பிளந்து, அதன் தலைவர்கள் பலர் வேறு நாட்டுக்குப் போய்விட்ட நிலையில், தோற்பது நிச்சயம் என்று அறிந்தும், தனிச்சட்ட உரிமைக்காகவும் வகுப்புப் பிரதிநிதித்துவத்துக்காகவும் அவர் ஒன்றன்பின் ஒன்றாகத் திருத்தங்கள் கொண்டுவந்தார். அவற்றுள் சிலவற்றோடு எனக்கு உடன்பாடில்லை. ஆயினும், சிறுபான்மையின் குரல் பதிவேட்டில் நிற்க வேண்டும் என்ற அந்த நெஞ்சுறுதி இல்லாமல் எந்தச் சாசனமும் நேர்மையான சாசனம் ஆகாது.

மாநில ஆட்சியைக் கலைக்கும் 356ஆவது பிரிவைப் பற்றி நான் நீளப் பேசப் போவதில்லை. அது பயன்படாமல் ஏட்டிலேயே கிடக்கும் என்று டாக்டர் அம்பேத்கர் நம்பினார். 1976 ஜனவரி 31ஆம் தேதியும் 1991 ஜனவரி 30ஆம் தேதியும் தமிழ்நாட்டில் என்ன நடந்தது என்பது பெரியவர்கள் பலருக்கு நினைவிருக்கும். இத்தகைய அனுபவங்களே மாநில சுயாட்சிக் கோரிக்கைக்கு உரமாயின. 1969இல் கலைஞர் கருணாநிதியின் அரசு நியமித்த ராஜமன்னார் குழு 1971இல் அறிக்கை தந்தது. 1974 ஏப்ரலில் சட்டசபை அதன் அடிப்படையில் தீர்மானம் நிறைவேற்றியது. 2025இல் நீதிபதி குரியன் ஜோசப் தலைமையில் மறுபடியும் ஒரு குழு அமைக்கப்பட்டிருக்கிறது. கல்வியைப் பொதுப் பட்டியலிலிருந்து மீட்க வேண்டும் என்பதிலும், வரி விதிக்கும் உரிமை மாநிலத்துக்கு வேண்டும் என்பதிலும் நான் இவர்கள் பக்கமே நிற்கிறேன். ஆனால் டெல்லியிடம் நாம் கேட்கிற நியாயத்தை ஊரிடம் நாம் காட்டியிருக்கிறோமா?

1948 பிப்ரவரியில் வெளியான நகல் சாசனத்தில் கிராம பஞ்சாயத்து என்ற பேச்சே இல்லை. அவ்வாண்டு மே மாதம், சபையின் தலைவர் ராஜேந்திர பிரசாத், கிராமத்தை அடிப்படையாக வைத்துச் சாசனத்தை எழுப்ப இயலாதா என்று ஆலோசகர் பி. என். ராவுக்கு எழுதினார், இவ்வளவு தூரம் வந்தபின் அமைப்பையே மாற்ற இனி நேரம் இல்லை என்ற கருத்தில் பதில் வந்தது. நவம்பர் 4ஆம் தேதி நகலை முன்மொழிந்த டாக்டர் அம்பேத்கர், கிராமத்தைப் புகழ்ந்து பேசியவர்களுக்கு ஈவிரக்கமற்ற பதில் கொடுத்தார்: கிராமம் அறியாமையின் கிடங்கு, குறுகிய மனத்தின் குகை, வகுப்புவாதத்தின் இருப்பிடம், தனி மனிதனையே சாசனத்தின் அலகாகக் கொண்டதில் தமக்கு மகிழ்ச்சி என்பது அவர் சொன்னதன் சாரம். காந்தியடிகள் மறைந்து ஓராண்டுகூட ஆகாத நேரம். சபையில் கொந்தளிப்பு எழுந்தது. நவம்பர் 22ஆம் தேதி, அதே சந்தானம், கிராம பஞ்சாயத்துகளை அமைத்து அவை சுயாட்சி அலகுகளாக இயங்கத் தக்க அதிகாரங்களை வழங்க ராஜ்யம் முயல வேண்டும் என்ற திருத்தத்தைக் கொண்டுவந்தார். அம்பேத்கர் வாதாடாமல் ஏற்றுக்கொண்டார். பிரகாசம் போன்றவர்கள் மனநிறைவோடு வரவேற்றுப் பேசினார்கள். அது 40ஆவது பிரிவாயிற்று. நீதிமன்றத்தில் வழக்காடி நிலைநாட்ட முடியாத வழிகாட்டு நெறிகளின் பகுதியில் அது வைக்கப்பட்டது. மத்திய சர்க்காரை எதிர்த்துச் சந்தானம் கேட்டது கிடைக்கவில்லை; கிராமத்துக்காக அவர் கேட்டது கிடைத்தது, ஆனால் பல் இல்லாமல் கிடைத்தது.

பழம்பெருமை பேசும் இடத்துக்கு இப்போது வந்திருக்கிறோம். உத்தரமேரூரை எல்லோரும் அறிவர். முதலாம் பராந்தகன் காலத்துக் குடவோலைச் சாசனங்கள் 919, 921ஆம் ஆண்டுகளைச் சேர்ந்தவை. அவற்றுக்கு நூறாண்டுக்கு மேல் முந்தியது, நெல்லையிலிருந்து வடக்கே சில மைலில் இருக்கும் மானூர்க் கோயில் கல்வெட்டு. மாறஞ்சடையன் என்ற பாண்டிய மன்னனின் ஆட்சியில், கி.பி. 800ஐ ஒட்டி, மானநிலைநல்லூர் என்று அன்று வழங்கிய அந்த ஊரின் மகாசபை கூடித் தனக்குத் தானே விதித்துக்கொண்ட விதிகள் அதில் பொறிக்கப்பட்டிருக்கின்றன. சபையில் இருக்க நிலப்பங்கு வேண்டும்; மந்திர பிராமணமும் ஒரு தர்ம நூலும் கற்றிருக்க வேண்டும்; ஒழுக்கம் வேண்டும். முழுத் தகுதி இல்லாதவரை வாரியங்களில் வைக்கக் கூடாது. இன்னொரு விதி என்னை ஒவ்வொரு முறையும் வியப்பில் ஆழ்த்துகிறது: சபையில் எந்தக் காரியம் எடுத்தாலும் ஆகாது, ஆகாது என்று தடுத்துக்கொண்டே இருப்பவரும், அவருக்குத் துணை நிற்பவரும், அப்படித் தடுத்த காரியம் ஒவ்வொன்றுக்கும் ஐந்து காசு தண்டம் கட்ட வேண்டும். சபை நடவடிக்கையை எப்படி நடத்துவது, முட்டுக்கட்டையை எப்படி நீக்குவது என்பதை ஆயிரத்து இருநூறு ஆண்டுகளுக்குமுன் இந்த வறண்ட மானாவாரிப் பூமியில் உட்கார்ந்து யோசித்திருக்கிறார்கள். இது நம் பெருமையே, சந்தேகமில்லை.

அதே கல் மற்றொன்றையும் சொல்கிறது. அந்தச் சபையில் உழுதவன் இல்லை, பெண் இல்லை, ஊர்ப்புறத்துச் சேரியில் இருந்தவன் இருந்த சுவடே இல்லை. நிலமும் வேதமும் உடையவர் கூடி, நிலமும் வேதமும் இல்லாதவரை ஆண்டார்கள். டாக்டர் அம்பேத்கர் கிராமத்தைப் பற்றிச் சொன்னது மானூருக்குப் பொருந்தாது என்று நெஞ்சில் கைவைத்துச் சொல்ல யாராலும் முடியாது. கல்வெட்டுகளை மேற்கோள் காட்டி அவரை மறுத்தவர்கள், அவற்றைப் பாதியே படித்தார்கள். நம் காலத்திலேயே மதுரை மாவட்டத்துப் பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம் ஊராட்சிகளில் தலைவர் பதவி ஒதுக்கீட்டில் வந்தது என்ற ஒரே காரணத்துக்காக 1996 முதல் 2006 வரை தேர்தல் நடக்கவோ நிலைக்கவோ விடவில்லை. மேலவளவில் அப்படித் தேர்ந்தெடுக்கப்பட்ட தலைவரும் அவரைச் சேர்ந்தோரும் 1997 ஜூன் 30ஆம் தேதி வெட்டிக் கொல்லப்பட்டார்கள்.

ஆயினும் இதிலிருந்து நான் வரும் முடிவு, கிராமத்துக்கு அதிகாரம் கூடாது என்பது அன்று. மானூரில் இல்லாத ஒன்று 1992ஆம் ஆண்டின் 73ஆவது திருத்தத்தில் இருக்கிறது. அது பட்டியல் வகுப்பாருக்கும் பழங்குடியினருக்கும் அவர்கள் தொகைக்கேற்ற இடங்களையும், பெண்களுக்கு மூன்றில் ஒரு பங்கையும் ஒதுக்கியது. தமிழ்நாடு 2016இல் பெண்களின் பங்கை மொத்த இடங்களில் பாதியாக உயர்த்தியது. அம்பேத்கரின் அச்சத்துக்கும் சந்தானத்தின் ஆவலுக்கும் ஒருசேர விடை சொல்லும் ஏற்பாடு அது என்பது என் துணிபு. கீழ்நிலை ஆட்சியில் ஒடுக்கப்பட்டவர் நாற்காலியில் உட்காரும் காட்சியை அந்த ஊரே கண்ணால் பார்த்தாக வேண்டும் என்பதில்தான் அதன் வலிமை முழுவதும் இருக்கிறது. சட்டம் அதோடு நிற்கவில்லை. ஐந்தாண்டு முடியும் முன்பே அடுத்த தேர்தல் நடந்தாக வேண்டும் என்று கட்டளையும் இட்டது.

அந்தக் கட்டளைக்கு நேர்ந்த கதியைக் கேளுங்கள். தமிழ்நாட்டில் உள்ளாட்சிகளின் பதவிக்காலம் 2016 அக்டோபரில் முடிந்தது, தேர்தல் நடக்கவில்லை. 2019 டிசம்பரில் 27 மாவட்டங்களின் ஊரகப் பகுதிகளில் நடந்தது. புதிய மாவட்டப் பிரிவினையை முன்னிட்டு ஒதுக்கப்பட்ட ஒன்பது மாவட்டங்களுள் திருநெல்வேலியும் தென்காசியும் அடங்கும். இங்கே 2021 அக்டோபரில்தான் வாக்குப் பதிவாயிற்று. ஐந்து முழு ஆண்டுகள், ஒரு முழுப் பதவிக்காலம், மானூர் ஊராட்சி ஒன்றியம் உட்பட இந்த மாவட்டத்து ஊர்கள் அனைத்தும் தனி அலுவலர்களின் கையெழுத்தில் நடந்தன. 2019இல் தேர்தல் கண்ட மாவட்டங்களிலும் 2025 ஜனவரியில் காலம் முடிந்து, மறுபடி தனி அலுவலர்களே அமர்ந்தார்கள். மாநிலத்தில் சட்டசபை இல்லாமல் ஐந்தாண்டு ஆளுநர் ஆண்டிருந்தால் நாம் பொறுத்திருப்போமா? தமிழ்நாடு பற்றி எரிந்திருக்கும். கிராம சபைக்கு அது நேர்ந்தபோது ஒரு கடையடைப்புகூட நடக்கவில்லை. இதை இரண்டு பெரிய கட்சிகளின் ஆட்சியிலும் பார்த்துவிட்டோம். ஆகவே நான் எந்தக் கட்சியையும் குறித்துப் பேசவில்லை. உள்ளாட்சி என்பது மாநிலப் பட்டியலின் ஐந்தாவது இனம். மத்திய சர்க்கார் இதில் நம் கையைப் பிடிக்கவில்லை.

தண்ணீரைப் பற்றிப் பின்னால் பேசுவதாகச் சொன்னேன். பொருநையின் குறுக்கே கோடைமேலழகியான், நதியுண்ணி, கன்னடியன், அரியநாயகிபுரம், பழவூர், சுத்தமல்லி, மருதூர், ஸ்ரீவைகுண்டம் என்று எட்டு அணைக்கட்டுகள். கடைசி ஒன்று வெள்ளைக்காரர் காலத்தது, மற்ற ஏழும் அதற்கு முற்பட்டவை. கல்லைச் சரித்துப் போட்டு, வெள்ளம் மேலே வழிந்தோட, வேண்டிய நீர் மட்டும் கால்வாயில் திரும்பும்படி கட்டிய அந்த அணைகள், ஒவ்வொரு ஊரும் தன் கால்வாயைத் தூர்வாரி, தன் மடையைத் தானே திறந்து மூடுவதை நம்பி நின்றவை. குடிமராமத்து என்று நாம் அழைத்த அந்தக் கடமையை 1858ஆம் வருஷத்துச் சென்னைச் சட்டம் கட்டாய உழைப்பாக மாற்றி எழுதியபோது, கடமை ஊரிடம் நின்றது, உரிமை சர்க்காரிடம் போயிற்று. சுதந்திரம் வந்தபின் கடமையும் சர்க்காருக்கே போய்விட்டது. இன்று கார், பிசானம் ஆகிய நெற்பருவங்களுக்குத் தண்ணீர் எந்தத் தேதியில் திறப்பது என்பது சென்னையிலிருந்து வரும் உத்தரவு. பாபநாசத்தில் மழை பெய்வதைக் கண்ணால் பார்க்கும் கடைமடை விவசாயி, நாற்றங்காலைத் தயாராக வைத்துக்கொண்டு, நானூறு மைலுக்கு அப்பால் ஓர் அலுவலகத்தில் போடப்படும் கையெழுத்துக்காகக் காத்திருக்கிறான். கால்வாயில் அமலை படர்ந்தால் ஊராட்சி அதைத் தொடத் தயங்குகிறது, ஏனென்றால் அது நீர்வளத் துறையுடையது. ஊரின் சாக்கடை அதே கால்வாயில் விழுந்தால் துறை வாளாவிருக்கிறது, ஏனென்றால் அது ஊராட்சியுடையது.

அணைக்கு மேலே காட்டைப் பற்றி டெல்லியிடம் சென்னை சொல்லும் குறையையும், அணைக்குக் கீழே கால்வாயைப் பற்றிச் சென்னையிடம் ஊர் சொல்லும் குறையையும் அருகருகே வைத்துப் பாருங்கள்: எங்கள் மண்ணை எங்களைவிட அறிந்தவர் யார், எங்களைக் கேளாமல் ஏன் முடிவு செய்கிறீர்கள் என்ற ஒரே வழக்குதான் இரண்டும். முன்னதை வழக்காகவும் பின்னதை வெறும் மனுவாகவும் நாம் கருதி வருகிறோம்.

ஏழாவது அட்டவணையில் மூன்று பட்டியல்கள் உள்ளன. 73ஆவது திருத்தம் சேர்த்த பதினோராவது அட்டவணையில் சிறுபாசனமும் நீர் மேலாண்மையும், குடிநீரும், துவக்கப் பள்ளியும் உட்பட 29 விஷயங்கள் எழுதப்பட்டிருக்கின்றன. ஆனால் அவற்றை ஊருக்குக் கொடுப்பதும் கொடாததும் மாநிலச் சட்டசபையின் விருப்பம் என்று 243ஜி பிரிவு விட்டுவிட்டது. அதிகாரங்களின் பட்டியலாக நிற்க வேண்டியது, விரும்பினால் கொடுக்கத் தக்கவற்றின் குறிப்பாக நின்றுவிட்டது. அதை ஏழாவது அட்டவணையின் நான்காம் பட்டியலாக, ஊரின் பட்டியலாக, மாநிலச் சட்டசபை நினைத்தவுடன் பறிக்க முடியாத உரிமையாக எழுத வேண்டும் என்பது என் கோரிக்கை. அதற்குப் பார்லிமெண்டு திருத்தம் செய்ய வேண்டும். அது கைகூடும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. 1994ஆம் ஆண்டின் ஊராட்சிகள் சட்டத்தைத் திருத்த மாநிலத்துக்கு இன்றே முழு அதிகாரம் இருக்கிறது. கால்வாய்ப் பராமரிப்புக்கு உரிய நிதியை ஊராட்சியின் கணக்கில் நேரே சேர்க்கலாம். தண்ணீர் திறக்கும் தேதியைத் தீர்மானிக்க, எட்டு அணைக்கட்டுகளின் பாசன ஊராட்சித் தலைவர்களும் பொறியாளரும் மாவட்ட ஆட்சியரும் கூடும் ஒரு சபையை இம்மாவட்டத்திலேயே அமைக்கலாம். மாநில சுயாட்சிக்காகக் குழு அமைக்கும் அரசு, அந்தக் குழு ஆராயும் விஷயங்களில் ஊர்ச் சுயாட்சியையும் முதற்பொருளாகச் சேர்க்கலாம். அப்படிச் சேர்த்தால் டெல்லியின்முன் சென்னையின் வாதம் குறைவுபடாது, இரட்டிப்பாகும்.

2021 அக்டோபரில் பதவியேற்ற நம் மாவட்டத்து ஊராட்சிகளின் ஐந்தாண்டு, 2026 அக்டோபரில் நிறைவு பெறுகிறது. தொகுதி மறுவரையறை, மாவட்டப் பிரிவினை, வாக்காளர் பட்டியல் என்று எந்தக் காரணம் சொல்லப்பட்டாலும், அதற்கு முன்பாகத் தேர்தல் நடத்த வேண்டும் என்பது சாசனத்தின் 243இ பிரிவு. இந்த மண்டபத்தில் வழக்கறிஞர்கள் இருக்கிறீர்கள், ஆசிரியர்கள் இருக்கிறீர்கள், பாசன சங்கத்தார் இருக்கிறீர்கள். தேதி கடந்தபின் வழக்குப் போடாமல், கடப்பதற்கு முன்பே ஒவ்வொரு கிராம சபையிலும் இதைத் தீர்மானமாக நிறைவேற்றி மாநிலத் தேர்தல் ஆணையத்துக்கு அனுப்பும்படி தங்களைக் கேட்டுக்கொள்கிறேன்.